எட்சாவுக்கு முன் எண்ணிய வாக்குகள்

1986 பிப்ரவரி 9, ஞாயிறு இரவு. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவின் சர்வதேச மாநாட்டு மண்டபத்தில், அதிபர் தேர்தலில் விழுந்த வாக்குகளைத் தேர்தல் ஆணையம் எண்ணிக்கொண்டிருந்தது. கணினிகளில் எண்களை ஏற்றிக்கொண்டிருந்த முப்பத்துச் சொச்சம் ஊழியர்கள் திடீரென்று எழுந்தார்கள். அச்சுத்தாள்களையும் வட்டுகளையும் கையோடு எடுத்துக்கொண்டு, நிருபர்களும் வெளிநாட்டுப் பார்வையாளர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியேறினார்கள். நேராகப் போய்ச் சேர்ந்த இடம் பக்லாரான் தேவாலயம். அவர்கள் சொன்ன காரணம் சிக்கலானதல்ல: தாங்கள் கணினியில் பார்க்கும் எண் ஒன்று, மண்டபத்தின் பெரிய பலகையில் ஏறும் எண் வேறொன்று.

சர்வாதிகாரி ஃபெர்டினாண்ட் மார்கோஸ் நாட்டை விட்டு ஓட விமானம் ஏற இன்னும் பதினாறு நாள் இருந்தது. கேம்ப் கிரேம் என்ற படைமுகாமின் வாசலில் ஒருவர்கூட நிற்கவில்லை. பின்னால் மக்கள் திரண்ட எட்சா நெடுஞ்சாலையில் வழக்கம்போலப் பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் அந்த ஆட்சியின் முதல் விரிசல் அன்று இரவுதான் வெளியே தெரிந்தது என்று நினைக்கிறேன்.

பிலிப்பைன்ஸ் மக்கள் எழுச்சி என்றால் எல்லோரும் பிப்ரவரி 22 முதல் 25 வரையான நான்கு நாட்களைத்தான் பேசுகிறார்கள். டாங்கிக்கு முன்னால் மண்டியிட்ட கன்னியாஸ்திரிகள், சிப்பாயின் துப்பாக்கியில் செருகிய பூ, மஞ்சள் சட்டைக் கூட்டம். எல்லாமே நடந்தவை. ஆனால் அந்தக் காட்சிகளை மட்டும் பார்த்துவிட்டு, பெருங்கூட்டம் சேர்ந்தால் சர்வாதிகாரி ஓடிவிடுவான் என்று முடிவுகட்டுகிறவர்கள் முக்கால்வாசிக் கதையைத் தவறவிடுகிறார்கள். கூட்டம் கடைசியில் வந்தது. அதற்கு முன்னால் எண்ணும் வேலை, எடுத்துச் செல்லும் வேலை, காத்து நிற்கும் வேலை, பழகும் வேலை என்று எத்தனையோ நடந்திருந்தன. அவற்றில் பல சலிப்பூட்டும் வேலைகள். அதனாலேயே யாரும் சொல்வதில்லை.

சத்தம் மட்டும் போதாது என்பதை அந்த மக்கள் எட்டு வருடம் முன்பே கற்றுக்கொண்டார்கள். 1972 செப்டம்பரில் 1081ஆம் எண் பிரகடனத்தால் ராணுவச் சட்டம் வந்தது. நாடாளுமன்றம் பூட்டப்பட்டது; பத்திரிகைகள் மூடப்பட்டன; எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ 'நினோய்' அகினோ சிறைக்குப் போனார். ஆறு வருடம் கழித்து, 1978 ஏப்ரல் 7இல், மார்கோஸ் ஒரு இடைக்கால நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் வைத்தார். நினோய் சிறையிலிருந்தபடியே மணிலா பெருநகரில் ஓர் அணியை நிறுத்தினார். தேர்தலுக்கு முந்தைய இரவு நகரமே சட்டி பானைகளைத் தட்டியது. கார்கள் ஹாரன் அடித்தன. தேவாலய மணிகள் ஒலித்தன. மறுநாள் எண்ணி முடித்தபோது மணிலாவின் 21 இடங்களும் ஆளுங்கட்சிக்குப் போயிருந்தன, மார்கோஸின் மனைவி இமெல்டா உட்பட. ஊரே தட்டிய தட்டு எங்கே போயிற்று? எங்கும் பதிவாகவில்லை. ஒவ்வொரு சாவடியிலும் என்ன விழுந்தது என்று சொல்ல எதிர்த்தரப்பிடம் ஒரு தாள் கிடையாது. மோசடி என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு, எங்கே, எப்படி என்று யாராலும் காட்ட முடியவில்லை.

1983 ஆகஸ்ட் 21இல் நினோய் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து மணிலா விமான நிலையத்தில் இறங்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து நடந்த இறுதி ஊர்வலத்தில் இருபது லட்சம் பேர் இருந்தார்கள் என்பது அன்றைய மதிப்பீடு. அதற்குப் பிறகு மக்காத்தி வணிக வட்டாரத்தில் வாராவாரம் ஊர்வலம். அதுவரை அரசியலில் தலையிடாத அலுவலக ஊழியர்கள், தொலைபேசிப் புத்தகத்தின் மஞ்சள் பக்கங்களைக் கிழித்து மாடி ஜன்னல்களிலிருந்து தூவினார்கள். அக்டோபரில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நிறுத்திவைத்தது. 1984, 1985 இரண்டு வருடமும் பொருளாதாரம் தலா ஏழு சதவீதம் போலச் சுருங்கியது. கோபத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஊர்வலத்தால் மட்டும் மார்கோஸை அசைக்க முடியவில்லை. இரண்டரை வருடம் அப்படியே ஓடியது.

அந்த இரண்டரை வருடத்தில்தான் முக்கியமான வேலை நடந்தது. 1951இல் சுத்தமான தேர்தலுக்காக ஒரு குடிமக்கள் அமைப்பு இருந்தது; அதே பெயரை எடுத்துக்கொண்டு 1983இல் நாம்ஃப்ரெல் மீண்டும் உருவானது. தலைவர் ஹோசே கான்செப்சியோன் என்ற தொழிலதிபர். தேர்தல் ஆணையமே இதைக் குடிமக்களின் பிரிவாக அங்கீகரித்தது. ஏன் அங்கீகரித்தது? கடன் கொடுத்தவர்களும் வாஷிங்டனும் தேர்தல் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்று நெருக்கினார்கள். மார்கோஸுக்கு ஒரு நற்சான்று தேவைப்பட்டது. சர்வாதிகாரி தன் முகப்பூச்சுக்காகத் திறக்கும் இப்படிப்பட்ட சந்து எந்த நாட்டிலும் அகலமாக இருக்காது. அதற்குள் எதை நுழைப்பது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

அவர்கள் நுழைத்தது ஒரு தாளை. அந்தக் காலத்துப் பிலிப்பைன்ஸ் தேர்தலில் வாக்காளர் வேட்பாளரின் பெயரைத் தன் கையால் சீட்டில் எழுத வேண்டும். வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடி அமைந்த அதே பள்ளி வகுப்பறையில், தேர்தல் அதிகாரிகளாக உட்கார்ந்த ஆசிரியர்கள் ஒவ்வொரு சீட்டாக எடுத்து உரக்கப் படிப்பார்கள். இன்னொருவர் கோடு போட்டுக் கணக்கு வைப்பார். கடைசியில் சாவடி முடிவுப் படிவம் பல பிரதிகளில் நிரப்பப்பட்டுக் கையொப்பமாகும். அதில் ஒரு பிரதி நாம்ஃப்ரெலுக்கு. எல்லாமே இந்தப் பிரதியில்தான் இருக்கிறது. ஏனென்றால் பெரிய மோசடி வகுப்பறைக்குள் நடப்பதைவிட, சாவடியிலிருந்து நகராட்சிக்கும் அங்கிருந்து மாகாணத்துக்கும் எண்கள் மேலே ஏறும்போது நடப்பதுதான் சுலபம். மேலே போகப் போகக் கைகள் குறைவு, கண்கள் குறைவு. கீழே கையெழுத்தான தாளின் நகல் ஒருமுறை வெளியே போய்விட்டால், மேலே மாற்றுகிற ஒவ்வொரு எண்ணும் பிறகு பொய்யாகத் தெரிந்துவிடும்.

1984 மே 14 நாடாளுமன்றத் தேர்தல் இதற்கு ஒத்திகை. எதிர்க்கட்சிகளில் ஒரு பகுதி புறக்கணித்தது. இன்னொரு பகுதி நின்றது. நின்றவர்கள் தேர்ந்தெடுக்கப்படும் இடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றைப் பிடித்தார்கள். மணிலா பெருநகரில் பெரும்பாலான இடங்கள் அவர்களுக்கு. 1978இல் பூஜ்யம் வந்த அதே நகரம். மக்கள் மனம் அதற்குள் தலைகீழாக மாறியது என்பதைவிட, இந்தமுறை எண்ணிக்கையைப் பார்க்க ஆள் இருந்தது என்பதுதான் பெரிய வித்தியாசம்.

1985 நவம்பரில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில் மார்கோஸ் திடீர்த் தேர்தலை அறிவித்தார். எதிர்க்கட்சிகள் ஒரே வேட்பாளருக்கு ஒத்துவராது என்பது அவர் போட்ட கணக்கு. கணக்கு மயிரிழையில் பொய்த்தது. பத்திரிகை அதிபர் சீனோ ரோசெஸ் பத்து லட்சம் கையெழுத்துத் திரட்டினார். நினோயின் மனைவி கோரி அகினோ நிற்கச் சம்மதித்தார். தானே அதிபராக நினைத்திருந்த சால்வடோர் லாரெல் வேட்புமனுவின் கடைசி நாளான டிசம்பர் 11இல்தான் துணை அதிபர் இடத்துக்கு இறங்கி வந்தார், தன் கட்சியின் பெயரில்தான் கோரி நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் வாக்கு இரண்டாக உடைந்திருக்கும். அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் தொண்டர் எண்ணினாலும் உண்மையான எண்ணே மார்கோஸுக்குச் சாதகமாக வந்திருக்கக்கூடும். இடதுசாரி இயக்கங்களின் பெரிய பகுதி தேர்தலைப் புறக்கணித்தது. நகரங்களிலும் கிராமங்களிலும் மிகக் கட்டுப்பாடான அமைப்பு வைத்திருந்தவர்கள் அவர்கள். அந்த ஒரு முடிவால் பிப்ரவரியின் எந்தப் பெரிய தருணத்திலும் அவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று.

பிப்ரவரி 7. நாம்ஃப்ரெல் தொண்டர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட சாவடிகள். சாவடியில் நிற்பவர், படிவத்தை வாங்கி நகர மையத்துக்கு ஓடுபவர், அங்கிருந்து ரேடியோவிலும் தொலைபேசியிலும் தலைமையகத்துக்குச் சொல்பவர், கிரீன்ஹில்ஸில் லா சால் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து பதிபவர் என்று வேலை பிரிக்கப்பட்டிருந்தது. வம்புக்குப் பேர்போன ஊர்களுக்கு நூற்றுக்கணக்கான கன்னியாஸ்திரிகளை அனுப்பினார்கள். 'நாம்ஃப்ரெல் மரைன்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். வெள்ளை அங்கியைப் பார்த்தால் அடியாள் தயங்குவான் என்ற கணிப்பு பல இடங்களில் பலித்தது. வாக்குப்பெட்டியைச் சுற்றி மனிதச் சங்கிலி போட்டு நகராட்சிக் கட்டடம் வரை கூடவே நடந்தார்கள். பெட்டி லாரியில் ஏறினால் தாங்களும் ஏறினார்கள்.

இதில் என்னவெல்லாம் தவறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். மார்கோஸின் கோட்டைகளில் தொண்டர்களை அடித்துத் துரத்தினார்கள். அங்கேயிருந்து நாம்ஃப்ரெலுக்குத் தாளே வரவில்லை. கடைசியில் சுமார் எழுபது சதவீதச் சாவடிகளின் படிவங்கள்தான் கைக்கு வந்தன. அவற்றின்படி கோரி ஏழு லட்சத்துக்கு மேல் முன்னிலை. நாடாளுமன்றம் அறிவித்த முடிவோ மார்கோஸுக்கு 1 கோடியே 8 லட்சம், கோரிக்கு ஏறக்குறைய 93 லட்சம். வராத முப்பது சதவீதம் மார்கோஸ் பகுதிகள் என்பதால், நாம்ஃப்ரெல் எண் மட்டுமே வெற்றியை நிரூபித்துவிடாது. ஆட்சித் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொண்டு வாதாடியது. முழு எண்ணிக்கையின் பலவீனம் இதுதான்: மிரட்டல் எங்கே அதிகமோ அங்கேதான் தாள் கிடைக்காது. குலுக்கல் முறையில் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த சில ஆயிரம் சாவடிகளில் மட்டும் ஆளையும் பாதுகாப்பையும் குவித்து, அங்கிருந்து ஒரு தாள்கூடத் தப்பாமல் வாங்கினால் குறைந்த ஆட்களோடு உறுதியான எண் கிடைக்கும்.

எண்ணிக்கையால் பிடிக்கவே முடியாத மோசடி ஒன்றும் உண்டு. வாக்குச்சீட்டு பெட்டிக்குள் விழுவதற்கு முன்பே நடப்பது. அன்று காலை சாவடிக்குப் போனவர்களில் ஏராளமானோரின் பெயர் பட்டியலில் இல்லை. எதிர்க்கட்சி பலமாக இருந்த நகரப் பகுதிகளில் இது அதிகம். இப்படி வாக்கிழந்தவர்கள் முப்பது லட்சத்துக்கும் மேல் என்று நாம்ஃப்ரெல் கணித்தது. அரசு அறிவித்த வெற்றி வித்தியாசம் பதினைந்து லட்சம்தான். பட்டியலைத் தேர்தலுக்கு மாதங்களுக்கு முன்பே வீடு வீடாகச் சரிபார்த்திருக்க வேண்டும். அறிவிப்புக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே மூன்று மாதமே இருந்த தேர்தலில் அதற்கு நேரமில்லை. மார்கோஸ் அவசரப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பிறகு 'லான்சடேரா' என்ற பழைய தந்திரம்: முதல் ஆள் வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போடாமல் வெளியே கொண்டுவந்து கொடுப்பான், கட்சிக்காரர் அதை நிரப்பி அடுத்த ஆளிடம் தருவார், அவன் அதைப் போட்டுவிட்டுத் தன் வெற்றுச் சீட்டைக் கொண்டுவருவான். காசு கொடுத்தவருக்கு வேலை நடந்தது என்று உறுதியாகத் தெரியும். சீட்டின் வரிசை எண்ணைக் கொடுக்கும்போதும் போடும்போதும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆள் வாசலில் இருந்தால்தான் இதை நிறுத்த முடியும்.

ஆகவே எண் தனியாக ஜெயிக்கவில்லை. எண்ணோடு மற்றவை சேர்ந்தன. 9ஆம் தேதி கணினி ஊழியர்கள் வெளியேறினார்கள். 11ஆம் தேதி ஆன்டிக்கே மாகாணத்தின் முன்னாள் ஆளுநர் எவெலியோ ஹாவியர், கோரியின் ஆதரவாளர், பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வாரமே கத்தோலிக்க ஆயர்கள் பேரவை, மோசடியால் பிடித்த அதிகாரத்துக்குத் தார்மீக அடிப்படை கிடையாது என்று அறிக்கை விட்டது. அது ஞாயிறு பூசைகளில் படிக்கப்பட்டது. கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் அதன் எடையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 15ஆம் தேதி நாடாளுமன்றம் மார்கோஸ் வென்றதாக அறிவித்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எழுந்து வெளியேறினார்கள்.

மறுநாள் லுனேட்டா பூங்காவில் பெருங்கூட்டம். கோரி அங்கே அறிவித்த ஒத்துழையாமைத் திட்டத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும், அவ்வளவு தெளிவானது. மார்கோஸின் நெருங்கிய கூட்டாளிகளோடு தொடர்புள்ள வங்கிகளிலிருந்து பணத்தை எடுங்கள். சான் மிகேல் பீரும் அந்த நிறுவனத்தின் மற்ற பொருள்களும் வேண்டாம். ருஸ்தான்ஸ் கடைகளுக்குப் போகாதீர்கள். ஆட்சிக்கு ஊதும் பத்திரிகைகளை வாங்காதீர்கள். மின்சார, தண்ணீர்க் கட்டணத்தைத் தள்ளிப் போடுங்கள். மார்கோஸ் பதவியேற்கும் மறுநாள், பிப்ரவரி 26, பொது வேலைநிறுத்தம். இந்தப் பட்டியலில் எதையும் செய்யத் தைரியசாலியாக இருக்க வேண்டியதில்லை. பாட்டியும் செய்யலாம். பீர் குடிக்காதவனைக் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. அடிபடுகிறவர்கள் யாரென்றால் மார்கோஸின் பணப்பெட்டியாக இருந்த சிலர் மட்டும். ஒரே வாரத்துக்குள் அந்த வங்கிகளில் வரிசை நின்றது. சான் மிகேலின் பங்கு விலை இறங்கியது. திட்டம் முழுதாக ஓடிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. நீண்டிருந்தால் எப்படிப் போயிருக்கும் என்பது யோசிக்கத்தக்கது. சம்பள நாள், வாடகை, மளிகை என்று வரும்போது புறக்கணிப்பு தளரும். அதனால்தான் பட்டியலைச் சிறியதாக, மாற்றுப் பொருள் உள்ளதாக வைத்தார்கள்.

இதற்கெல்லாம் பின்னால் பயிற்சியும் இருந்தது. சர்வதேச நல்லிணக்கத் தோழமை அமைப்பைச் சேர்ந்த ஹில்டெகார்ட் கோஸ்-மாயர், ஜான் கோஸ் தம்பதி 1984 முதல் பிலிப்பைன்ஸுக்கு வந்து ஆயர்கள், துறவியர், தொழிற்சங்கத்தார், மாணவர்களுக்கு அகிம்சைப் பயிலரங்குகள் நடத்தினார்கள். அதிலிருந்து அதே வருடம் ஹோசே பிளாங்கோ என்ற இயேசு சபைக் குரு முன்னின்று அக்காப்கா என்ற அமைப்பு எழுந்து, மாகாணம் மாகாணமாக வகுப்பெடுத்தது. இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் மொத்த மக்கள்தொகையில் துளி. ஆனால் அவர்கள் பங்குத்தந்தைகள், மடத்து அன்னையர், ஊர்த் தலைவர்கள். பின்னால் முன்வரிசையில் நின்று மற்றவர்களை உட்கார வைத்தவர்கள் இவர்களைப் போன்றவர்கள்.

பிறகுதான் அந்த நான்கு நாட்கள். அவை அகிம்சையால் தொடங்கவில்லை, தோற்றுப்போன ஓர் ஆயுதச் சதியால் தொடங்கின. பாதுகாப்பு அமைச்சர் ஹுவான் போன்சே என்ரிலேயைச் சுற்றியிருந்த இளம் அதிகாரிகள், கர்னல் கிரேகோரியோ ஹோனசான் தலைமையில், அதிபரின் மலகான்யாங் மாளிகையைத் தாக்கத் திட்டமிட்டிருந்தார்கள். படைத் தளபதி ஃபேபியன் வேர் அதை மோப்பம் பிடித்துவிட்டார். தாங்கள் கைதாகப் போகிறோம் என்று தெரிந்ததும் 22ஆம் தேதி சனிக்கிழமை என்ரிலே கேம்ப் அகினால்டோ என்ற ராணுவ முகாமுக்குள் போய் அடைந்தார்; துணைத் தளபதி ஃபிடெல் ராமோஸ் அவரோடு சேர்ந்தார். மாலையில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். தன் சொந்தப் பிராந்தியமான ககயானில் மார்கோஸுக்காக மூன்றரை லட்சம் வாக்கு மோசடியாக ஏற்றப்பட்டதை என்ரிலேயே ஒப்புக்கொண்டார். உள்ளே இருந்தது சில நூறு சிப்பாய்கள். ஒரு மணி நேரத் தாக்குதலுக்குத் தாங்காது.

இங்கே ஒரு கசப்பு உண்டு. அதை மறைத்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. என்ரிலே ராணுவச் சட்டத்தை நடைமுறைப்படுத்திய அமைச்சர். ராமோஸ் தலைமை தாங்கிய காவற்படையின் காவலில் சித்திரவதை நடந்தது. அவர்களைக் காப்பாற்றத் தெருவுக்கு வந்தவர்களில் அவர்களால் சிறைப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனாலும் வந்தார்கள். இரவு ஒன்பது மணி வாக்கில் மணிலா பேராயர் கர்தினால் ஹைமே சின், திருச்சபையின் வானொலியான ரேடியோ வெரித்தாஸில் பேசினார்: முகாம்களுக்குப் போங்கள், உணவு கொண்டு போங்கள். நினோயின் தம்பி புட்ஸ் அகினோ, எட்சாவை ஒட்டிய குபாவோ பகுதிக்கு வந்து கூடும்படி மக்களை அழைத்தார். முதலில் சேர்ந்தது சிறு கூட்டம்தான். நள்ளிரவுக்குள் பல்லாயிரம்.

வானொலி இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. கைபேசி இல்லாத காலம். தொலைக்காட்சி முழுவதும் அரசின் பிடியில். எந்த வாசலில் ஆள் குறைவு, எந்தத் தெருவில் கவச வாகனம் நகர்கிறது, எங்கே சாப்பாடு தீர்ந்துவிட்டது, எந்தப் படைப்பிரிவு கட்சி மாறியது, எல்லாம் வெரித்தாஸ் வழியாகத்தான். அதுவரை எங்கெங்கோ நின்ற கூட்டத்துக்கு அதுவே கண். அதனால்தான் 23ஆம் தேதி விடியலில் படையினர் மாலோலோஸில் இருந்த அதன் ஒலிபரப்பியை உடைத்தார்கள். நிலையம் குறைந்த சக்தியுள்ள உதவி ஒலிபரப்பியில் தள்ளாடி, அன்று மாலை அடங்கியது. அறிவிப்பாளர் ஜூன் கீத்லி நள்ளிரவில் சாந்தா மேசாவில் வேறொரு நிலையத்துக்கு இடம் மாறினார். இடத்தின் பெயரைச் சொல்லாமல் 'ரேடியோ பாண்டிடோ' என்று பேசத் தொடங்கினார். மலகான்யாங் அங்கிருந்து வெகு தூரமில்லை. மாடிப்படிகளில் வயதான கன்னியாஸ்திரிகள் ஜெபமாலையோடு உட்கார்ந்தார்கள். மேலே போக வேண்டுமென்றால் அவர்களை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஒரே ஒலிபரப்பியை நம்பி ஓர் எழுச்சியை நடத்தியது பெரிய ஆபத்து. அன்று இரவு சில மணி நேரம் வானொலி மௌனமாக இருந்தபோது கூட்டத்தில் பரவிய பீதியைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள்.

23ஆம் தேதி ஞாயிறு பிற்பகல், ஜெனரல் ஆர்டெமியோ தாடியாரின் மரைன் படை கவச வாகனங்களோடு ஓர்டிகாஸ் சந்திப்பை அடைந்தது. பேருந்துகளையும் கார்களையும் குறுக்கே நிறுத்திச் சாலையை அடைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் மனிதர்கள். என்ன செய்தார்கள் என்பதை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். முன்வரிசையில் இளைஞர்களை நிறுத்தவில்லை. துறவியரும் பெண்களும் முதியவர்களும் மண்டியிட்டு ஜெபித்தார்கள். யாரும் கல்லெடுக்கவில்லை. சிப்பாய்களை வையவில்லை, சிகரெட்டும் ரொட்டியும் தண்ணீரும் நீட்டினார்கள், ஊர் பெயர் கேட்டார்கள். வாகனத்தின் மேலேறி ஓட்டுநரோடு பேசினார்கள். வாகனம் உறுமி ஓரடி நகர்ந்தபோது ஓடவில்லை, இரும்பில் கை வைத்துத் தள்ளினார்கள். ஓடியிருந்தால் மிதிபட்டே பலர் செத்திருப்பார்கள். ஓடுகிற முதுகைச் சுடுவதும் சிப்பாய்க்குச் சுலபம். தாடியார் அரை மணி நேரக் கெடு வைத்தார். கெடு முடிந்தது. சுடச் சொல்லவில்லை, திரும்பிப் போனார்.

24ஆம் தேதி அதிகாலை மக்கள் அணை ஓரிடத்தில் உடைந்தது. லீபிஸ் பக்கம் கண்ணீர்ப்புகையும் தடியும் கொண்டு கூட்டத்தைக் கலைத்து, கர்னல் பிராவ்லியோ பால்பாஸின் மரைன்கள் கேம்ப் அகினால்டோவுக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்து எட்சாவுக்கு எதிர்ப்புறம் கேம்ப் கிரேம், என்ரிலேயும் ராமோஸும் அதற்குள் மாறியிருந்த முகாம். பீரங்கிகளும் மோர்ட்டார்களும் அதைக் குறிபார்த்தன. சுடு என்று உத்தரவு. பால்பாஸ் மறுக்கவில்லை. பீரங்கிகளை இன்னும் சரியாக நிறுத்திக்கொண்டிருக்கிறோம் என்றார். மறுபடி உத்தரவு வந்தது. மறுபடி அதே பதில். கிரேமைச் சுற்றிலும் லட்சக்கணக்கானோர். கர்னல் அந்தோனியோ சோட்டேலோவின் ஹெலிகாப்டர்கள் கிரேமைத் தாக்க அனுப்பப்பட்டன. அவை அங்கேயே தரையிறங்கிக் கட்சி மாறின. ஓர் ஆட்சி விழுவது நடைமுறையில் இப்படித்தான். எல்லாத் தளபதிகளும் வீரமாக எதிர்த்து நிற்பதில்லை. ஒருவர் தாமதிக்கிறார், ஒருவர் ரேடியோ சரியாகக் கேட்கவில்லை என்கிறார், ஒருவர் வேறிடத்தில் இறங்குகிறார். அப்படித் தாமதிக்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். தெருவில் நிராயுதபாணியாக நின்ற கூட்டம் அந்தக் காரணத்தைத் தந்தது. கூட்டத்திலிருந்து ஒரு துப்பாக்கி வெடித்திருந்தால் காரணம் போயிருக்கும்.

அன்று காலையிலேயே பெரிய தவறு ஒன்றும் நடந்தது. மார்கோஸ் ஓடிவிட்டார் என்று வானொலியில் செய்தி வந்தது. மக்கள் ஆடினார்கள், கட்டிப்பிடித்தார்கள், பலர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஒன்பது மணியளவில் மார்கோஸ் குடும்பத்தோடு அரசுத் தொலைக்காட்சியான நான்காம் சேனலில் தோன்றினார். கிரேமைக் காக்கும் கூட்டம் கரைந்த அந்த நேரத்தில் தாக்குதல் வந்திருந்தால் கதை வேறு. கீத்லி திரும்பி வரும்படி கெஞ்சினார், வந்தார்கள். அதே ஒளிபரப்பில்தான் வேர் தாக்க அனுமதி கேட்பதும், மார்கோஸ் கேமரா முன்னால் தாக்க வேண்டாம் என்று மறுப்பதும் நாடு முழுக்கத் தெரிந்தது. சற்று நேரத்தில் திரை இருண்டது. நிலையம் எதிர்த்தரப்பின் கையில். எழுச்சி ரத்தமே சிந்தாதது என்பதும் சரியல்ல. தொலைக்காட்சிக் கோபுரங்களுக்காகத் துப்பாக்கிச் சண்டை நடந்தது. மலகான்யாங் வளாகத்தில் ஹெலிகாப்டர் ராக்கெட் வீசியது. அகிம்சை தெருவில் நின்றவர்களுடையது. முகாமுக்குள் இருந்தவர்களுடையது அல்ல.

25ஆம் தேதி காலை கிளப் ஃபிலிப்பீனோவில் கோரி பதவியேற்றார். முகாமுக்குள் வந்து ஏற்கச் சொன்னார்கள், மறுத்தார். ராணுவத்தின் கையால் பதவி வாங்கியதாக ஆகிவிடக் கூடாது என்ற அந்த முடிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நண்பகலில் மார்கோஸும் மாளிகையில் பதவியேற்றார். நேரடி ஒளிபரப்பு பாதியில் அறுந்தது. இரவு ஒன்பது மணிக்கு அமெரிக்க ஹெலிகாப்டர்களில் கிளார்க் விமானதளம், பிறகு குவாம், ஹவாய்.

ஜனநாயகம் அன்றிரவே திரும்பிவிடவில்லை. ஆட்கொணர்வு உரிமை மார்ச் தொடக்கத்தில் திரும்பியது. அரசியல் கைதிகள் வெளியே வந்தார்கள். மார்ச் 25இல் இடைக்கால அரசியலமைப்பு. ஏறக்குறைய ஐம்பது பேர் கொண்ட ஆணையம் புதியதை எழுதியது. 1987 பிப்ரவரி 2இல் நான்கில் மூன்று பங்கினர் அதை ஏற்றார்கள். அதற்குப் பதினொரு நாள் முன்புதான், ஜனவரி 22இல், நிலம் கேட்டு மணிலாவின் மெண்டியோலா தெருவுக்கு ஊர்வலம் வந்த விவசாயிகள் மேல் படையினர் சுட்டு, குறைந்தது 12 பேர் இறந்தார்கள். எட்சாவில் காப்பாற்றப்பட்ட அதே அதிகாரிகளில் சிலர் கோரிக்கு எதிராகவே திரும்பினார்கள். 1986க்கும் 1989க்கும் இடையில் ஆறு தடவைக்குக் குறையாமல் சதி நடந்தது. நிலமும் பெரிய குடும்பங்களின் பிடியும் அப்படியே இருந்தன. 2022இல் மார்கோஸின் மகன் மூன்று கோடிக்கு மேல் வாக்குப் பெற்று அதிபரானார்.

ஆனால் 1972ஐ மறுபடி நடத்துவதை அந்த அரசியலமைப்பு வெகுவாகக் கடினமாக்கியது. அதிபருக்கு ஆறு வருடம், ஒரே தடவை. ராணுவச் சட்டம் கொண்டுவந்தால் 48 மணி நேரத்துக்குள் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். அதிகபட்சம் 60 நாள். நீட்டிப்பது அதிபர் கையில் இல்லை, நாடாளுமன்றத்தின் கையில். எந்தக் குடிமகனும் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். நீதிமன்றம் 30 நாளுக்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். 1992 ஜூன் 30இல் கோரி பதவியை விட்டு இறங்கினார். தேர்தலில் வென்று அந்த நாற்காலிக்கு வந்தவர் ஃபிடெல் ராமோஸ்.